ஏ அண்ட் ஈயில் நமக்கு நடந்ததை எப்படி அளப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஏ அண்ட் ஈ, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் வந்தவர்களிடம் தமிழில் கருத்தாய்வு எடுக்கும் வேலையைச் சில ஆண்டுகள் பார்த்தேன். நான் டாக்டரும் இல்லை, தாதியும் இல்லை. கையில் ஒரு கேள்வித்தாள், அவ்வளவுதான். கேள்வி கேட்கப்போன என்னிடம் அவர்கள் திருப்பிக் கேட்டதுதான் அதிகம். வேலையை விட்ட பிறகும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அதே கேள்விகள் துரத்துகின்றன. அவரவர் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஏ அண்ட் ஈ நல்லா இருக்கா இல்லையான்னு பார்க்க, எவ்வளவு நேரம் காக்க வச்சாங்கன்னு பார்த்தா போதாதா?

போதாது. நேரத்தை அளப்பது சுலபம் என்பதால் எல்லோரும் அதையே அளக்கிறார்கள். பதிவு செய்த நேரம், டாக்டர் கூப்பிட்ட நேரம், வார்டுக்குப் போன நேரம் எல்லாம் கணினியிலேயே இருக்கும். நோயாளி வாயைத் திறக்கவே வேண்டாம். ஆனால் ஒருவரை அரை மணி நேரத்தில் பார்த்து, என்ன கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மருந்துப் பையைக் கொடுத்து அனுப்பினால், அந்தக் கணக்கில் அது நல்ல சிகிச்சையாகத்தான் நிற்கும்.

மருத்துவத் தரத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று அவெடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவ ஆய்வாளர் 1966இல் எழுதினார்: என்ன வசதி இருக்கிறது, என்ன செய்தார்கள், கடைசியில் என்ன ஆனது. பிறகு 2001இல் அமெரிக்காவில் ஆறு அம்சங்களை வகுத்தார்கள்: பாதுகாப்பு, பலன், நோயாளியை மையமாக வைப்பது, தாமதமின்மை, விரயமின்மை, பாகுபாடின்மை. காத்திருப்பு அந்த ஆறில் ஒன்று மட்டுமே.

எனக்கு அப்புறம் வந்தவரை முன்னாடி கூப்பிட்டாங்க. இதை எங்கே போய் எழுதுறது?

எழுதலாம். ஆனால் அது முறைகேடாக இருக்க வாய்ப்புக் குறைவு. நுழைந்ததும் ஒரு தாதி ரத்த அழுத்தம் பார்த்து நாலு கேள்வி கேட்பாரே, அப்போதே உங்களை ஒரு வகையில் சேர்த்துவிடுகிறார்கள். பி1 என்றால் உயிருக்கு ஆபத்து, நேரே உயிர்காக்கும் அறை. பி2 என்றால் நடக்க முடியாதவர், படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டியவர். பி3 நடந்து வரக்கூடியவர், ஆனாலும் அவசரம். பி4 அவசரமே இல்லை. வரிசை இந்த எண்ணைப் பார்த்து நகர்கிறது, வந்த நேரத்தைப் பார்த்து அல்ல.

உங்கள் குறை வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்: இதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை. காரணம் தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்று டேவிட் மைஸ்டர் என்பவர் 1985இலேயே எழுதிவைத்திருக்கிறார். அதனால்தான் நல்ல கேள்வித்தாளில் "எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்" என்பதற்கு அடுத்ததாக "ஏன் காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னார்களா" என்றும் இருக்கும்.

ஒரு மணி நேரத்துல டாக்டர் பார்த்துட்டாரு. ஆனா செய்தியில காத்திருப்பு ஏழு மணி நேரம்னு போடுறாங்களே?

இரண்டும் வேறு வேறு கடிகாரங்கள். சுகாதார அமைச்சு மருத்துவமனை வாரியாக வெளியிடுவது வார்டில் சேர்வதற்கான காத்திருப்பு. "இவரை வார்டில் சேர்க்க வேண்டும்" என்று டாக்டர் முடிவெடுத்ததும் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். நோயாளி அவசரப் பிரிவை விட்டு வெளியேறும்போது நிற்கும். மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியவர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

தள்ளுபடுக்கையில் படுத்துக்கொண்டு வார்டுக்காகக் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் அவசரப் பிரிவின் கையிலும் இல்லை. மேலே கட்டில் காலியானால்தான் கீழே ஆள் நகர முடியும். வார்டில் இருப்பவர் வீட்டுக்குப் போக வேண்டும். போவதற்கு வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நோயாளிக்கு இந்தச் சங்கிலி தெரியாது. அவருக்குத் தெரிவது தலைக்கு மேலே அணையாத விளக்கும், பக்கத்துப் படுக்கையின் இருமலும்.

சராசரி வேற, மீடியன் வேறன்னு என் பையன் சொல்றான். என்னதான் வித்தியாசம்?

ஐந்து பேர் காத்திருந்தது 2, 3, 4, 5, 26 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டி வகுத்தால் சராசரி 8. வரிசையாக நிறுத்தி நடுவில் இருப்பவரைப் பார்த்தால் 4. அதுதான் மீடியன், தமிழில் இடைநிலை. அமைச்சு வெளியிடுவது இடைநிலை. அது நியாயமான அளவுதான், ஆனால் அந்த 26 மணி நேரக்காரர் அதில் காணாமல் போகிறார். கருத்தாய்வில் நீண்ட கடிதம் எழுதுபவர் பெரும்பாலும் அவர்தான்.

நோயாளிக்கு மருத்துவம் தெரியாது. அவர் எப்படித் தரத்தைச் சொல்ல முடியும்?

ஊசி சரியானதா, ஸ்கேன் தேவையா என்று அவரால் சொல்ல முடியாது. அதை அவரிடம் யாரும் கேட்பதுமில்லை. ஆனால் வலி குறைந்ததா, சொன்னது புரிந்ததா, கழிவறைக்குப் போக உதவி கேட்டபோது யாராவது வந்தார்களா என்பதற்கு அந்த அறையில் ஒரே சாட்சி அவர்தான். எந்தக் கணினியிலும் அது பதிவாவதில்லை.

அனுபவம், திருப்தி, பலன், எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டால் மீதி எல்லாமே குழம்பும். திருப்தி என்பது நீங்கள் எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளி. எதையும் எதிர்பார்க்காதவர் எப்போதும் திருப்தியாக இருப்பார். அனுபவம் என்பது என்ன நடந்தது என்ற தகவல்: மருந்தின் பக்கவிளைவைச் சொன்னார்களா, இல்லையா. பலன் என்பது அதற்குப் பிறகு நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பது: மூச்சு விட முடிகிறதா, தூக்கம் வருகிறதா, பயம் போனதா.

இங்கிலாந்தில் அவசரப் பிரிவுகளுக்கு நாடளாவிய கருத்தாய்வு நடக்கிறது. அமெரிக்காவிலும் அவசரப் பிரிவுக்கென்றே ஒரு கேள்வித்தாள் உருவாக்கியிருக்கிறார்கள். இரண்டும் பெரும்பாலும் கேட்பது அனுபவத்தை. பலனை அவசர சிகிச்சைக்கு அளப்பது கடினம், ஏனென்றால் நோயாளி சில மணி நேரத்தில் கைவிட்டுப் போய்விடுகிறார். முட்டி அறுவைச் சிகிச்சை என்றால் ஆறு மாதம் கழித்து வரவழைத்துக் கேட்கலாம். நெஞ்செரிச்சலோடு வந்து விடியற்காலை மூன்று மணிக்கு டாக்சி பிடித்துப் போனவரை எங்கே தேடுவது?

சரி, வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவங்க உண்மையில என்னதான் எதிர்பார்க்குறாங்க?

இதற்கு நான் படித்ததில் தெளிவான பதில் கனடாவிலிருந்து வந்தது. சாமுவேல் வையங்கூர் என்ற அவசர மருத்துவரும் அவருடைய குழுவும், அவசரப் பிரிவிலிருந்து வீடு திரும்பியவர்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். 2017இல் வெளியிட்டார்கள். நான்கு விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன: தொந்தரவு குறைய வேண்டும்; எதனால் வந்தது, இனி எப்படிப் போகும் என்று புரிய வேண்டும்; பெரிய ஆபத்து இல்லை என்ற தைரியம் வேண்டும்; அடுத்து என்ன செய்வது என்ற வழி தெரிய வேண்டும்.

நம் ஆட்களிடம் பேசும்போது மூன்றாவதுதான் முதலில் வருகிறது. "ஹார்ட் இல்லைன்னு சொன்னாங்கப்பா, அதுவே போதும்" என்பார்கள். ஆனால் தடுக்கி விழுவது நான்காவதில். "மறுபடியும் வலித்தால் வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவார்கள். எவ்வளவு வலித்தால்? எத்தனை நாள் பார்க்கலாம்? பலதுறை மருந்தகத்துக்கா (பாலிகிளினிக்), இங்கேயேவா? அதைக் கேட்க நினைப்பதற்குள் திரையை விலக்கி அடுத்தவரைப் பார்க்கப் போயிருப்பார் டாக்டர்.

அம்மா எதைக் கேட்டாலும் "பரவாயில்லை"ங்கிறாங்க. இதை எப்படி நிரப்புறது?

என் வேலையில் எனக்கு இருந்த ஒரே எதிரி இந்தச் சொல்தான். ஆங் மோ கியோவில் ஒரு பாட்டி. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து போனவர். "வலியைக் குறைக்க ஏதாவது செய்தார்களா பாட்டி?" "பரவாயில்லைப்பா." "தாதி எப்படிப் பேசினார்?" "பரவாயில்லை." என் தாளில் மிக மோசம் முதல் மிக நன்று வரை ஐந்து கட்டங்கள். பரவாயில்லை எந்தக் கட்டம்? நல்லது என்பதற்கும் அதே சொல், போனால் போகட்டும் என்பதற்கும் அதே சொல்.

தாளைக் கீழே வைத்துவிட்டு வேறு மாதிரிக் கேட்டேன். "கையைத் துணியில் தாங்கிக் கட்டினார்களே, அது எப்போது?" "எக்ஸ்ரே எடுத்த பிறகு." "அதுவரைக்கும்?" "இந்தக் கையால அந்தக் கையைப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்." "எவ்வளவு நேரம்?" "டிவியில மத்தியானச் செய்தி ஆரம்பிச்சப்போ உட்கார்ந்தேன். ஏதோ ஒரு சீன நாடகம் முழுசா முடிஞ்சது." "வலி மாத்திரை?" "நான் கேக்கலை. அவங்களும் பாவம், ஓடிக்கிட்டே இருந்தாங்க."

அதாவது, உடைந்த கையை மறு கையால் தாங்கியபடி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஐந்து கட்டத் தாளில் அது 4 என்று பதிவாகியிருக்கும். அன்றிலிருந்து "எப்படி இருந்தது" என்று கேட்பதை விட்டேன். "என்ன நடந்தது" என்று மட்டும் கேட்டேன். நீங்களும் அம்மாவிடம் அப்படியே கேளுங்கள். இனி வரும் பதில்களில் கை உடைந்த பாட்டி என்று சொன்னால் இவரைத்தான் சொல்கிறேன்.

வலி எத்தனை, 0லேருந்து 10க்குள்ள சொல்லுங்கன்னு கேட்டா அப்பா முழிக்கிறாரு.

எண் வைத்து வலியைச் சொல்வது பழக்கம். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் வாங்கிப் பழகியவர்களுக்கு எளிது. "பத்தா? பிரசவ வலியைவிடக் கம்மிதான், அப்போ எத்தனை?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டவர்கள் உண்டு. ஆனால் வலியின் குணத்தைக் கேட்டால் நம் பெரியவர்கள் கடகடவென்று சொல்வார்கள்: குத்துது, குடையுது, எரியுது, கடுக்குது, விண்விண்ணுன்னு தெறிக்குது, பாரமா அழுத்துது. பாரமாக அழுத்துவது நெஞ்சில் என்றால் டாக்டருக்கு அது எண்ணைவிடப் பெரிய தகவல். கூடப் போகும் மகனோ மகளோ இந்த ஆறு சொல்லையும் ஆங்கிலத்தில் "பெயின்" என்று ஒரே சொல்லாகச் சுருக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து சுருக்காதீர்கள்.

எண் தேவைதான். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட அது உதவும். அப்பா 6 என்றால் அரை மணி நேரம் கழித்து மறுபடி யாராவது கேட்டார்களா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கேள்வித்தாளைத் தமிழ்ல மொழிபெயர்த்துட்டா முடிஞ்சது இல்லையா?

அங்கேதான் தொடங்குகிறது. "நீங்கள் கண்ணியத்துடன் நடத்தப்பட்டீர்களா?" என்று ஒரு தாளில் இருந்தது. தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்த்திருந்தார்கள். சொல்லுக்குச் சொல் பொருந்தியது. நான் படித்துக் காட்டிய பெரியவர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் கண்ணியமாத்தான் நடந்துக்கிட்டேன் தம்பி, யாரையும் ஒண்ணும் சொல்லலை" என்றார்.

அதை இரண்டாக உடைத்தோம். உடை மாற்றும்போது திரையை முழுதாக இழுத்து மூடினார்களா? பேசும்போது உங்களைப் பார்த்துப் பேசினார்களா, உங்கள் மகனைப் பார்த்தா? இரண்டாவது கேள்விக்கு அந்தப் பெரியவர் கொஞ்ச நேரம் பதிலே சொல்லவில்லை. கேள்வித்தாளை அச்சடிக்கும் முன் பத்துப் பேரிடம் படித்துக் காட்டி, "இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன கேட்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டாலே பாதிக் கோளாறு தெரிந்துவிடும். காசில்லாத வேலை, செய்ய யாருக்கும் நேரமில்லை.

போன்ல லிங்க் வந்துச்சு. மோசடியா இருக்கும்னு அழிச்சுட்டேன். தப்பா?

தப்பில்லை. சுட்டியைத் தொடாதே என்று ஊர் முழுக்க எச்சரித்துவிட்டு, அதே சுட்டியில் கருத்துக் கேட்டால் யார் தொடுவார்கள்? சந்தேகமாக இருந்தால் மருத்துவமனையின் பொது எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அல்லது அவர்களுடைய இணையத்தளத்துக்கு நீங்களே போய் எழுதுங்கள்.

கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. பதில் அனுப்புகிறவர் யார் என்று பார்த்தால், கைப்பேசி பழக்கமுள்ளவர், ஆங்கிலம் படிக்கிறவர், அன்றைக்கு மிகவும் சந்தோஷப்பட்டவர் அல்லது மிகவும் கோபப்பட்டவர். கை உடைந்த பாட்டி அதில் எந்த வகையிலும் வரமாட்டார்.

உடனே கேட்கணுமா, கொஞ்ச நாள் கழிச்சா?

உடனே கேட்டால் நன்றியும் களைப்பும் கலந்த பதில் வரும். ரொம்ப நாள் கழித்தால் உச்சமும் முடிவும் மட்டும் நினைவில் நிற்கும். ரெடல்மையர், கானமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996இல் குடல் பரிசோதனை செய்துகொண்டவர்களிடம் இதைக் காட்டினார்கள். வலி எவ்வளவு நேரம் நீடித்தது என்பது நினைவில் பெரிதாகப் பதியவில்லை. என் அனுபவத்தில் ஒரு வாரத்துக்குள் கேட்பது நல்லது. மேலே சொன்ன நான்காவது விஷயத்தை, அதாவது அடுத்து என்ன செய்வது என்பதை, மறுநாளைக்கு முன் கேட்டுப் பயனில்லை.

அப்பாவுக்குப் பதிலா நான் நிரப்பலாமா?

நிரப்பலாம், ஆனால் நீங்கள் நிரப்பியதாகக் குறிப்பிடுங்கள். உறவினர் நோயாளியைவிடக் கடுமையாக மதிப்பிடுவதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். அவர் படுத்திருந்தார்; நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஒரு ஆஸ்பத்திரிக்கு 80 விழுக்காடு, இன்னொண்ணுக்கு 85. அப்போ ரெண்டாவதுக்குப் போகலாமா?

அவசரத்தில் பக்கத்தில் இருப்பதற்குப் போங்கள். 100 பேரிடம் கேட்டு 80 விழுக்காடு வந்தால், உண்மை 72க்கும் 88க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 80க்கும் 85க்கும் இடையிலான சண்டை வெறும் சத்தம்.

அதோடு, வருகிறவர்களும் ஒரே மாதிரி இல்லை. கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் பெரும்பாலும் பெற்றோர்தான் பதில் சொல்வார்கள். முதியோர் அதிகமுள்ள வட்டாரத்தில் பாட்டிகள் பரவாயில்லை சொல்வார்கள். வயது, நோயின் கடுமை, மொழி எல்லாவற்றையும் சரிக்கட்டாமல் பட்டியல் போடுவதை நான் நம்புவதில்லை. ஒரே மருத்துவமனை சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு எப்படி என்று பார்ப்பது எவ்வளவோ மேல்.

இங்கிலாந்துல நாலு மணி நேர விதி இருக்காமே. இங்கேயும் வச்சா என்ன?

அங்கே அவசரப் பிரிவுக்கு வரும் நோயாளியை நான்கு மணி நேரத்துக்குள் சேர்க்கவோ அனுப்பவோ வேண்டும் என்று வைத்தார்கள். 2010இலிருந்து இலக்கு 95 விழுக்காடு. ஆரம்பத்தில் நிஜமாகவே காத்திருப்பு குறைந்தது. ஆனால் நான்கு மணி நேரம் முடியப்போகும் கடைசி இருபது நிமிடத்தில் கொத்துக் கொத்தாக நோயாளிகள் நகர்த்தப்பட்டதும் தரவில் தெரிந்தது. 2015க்குப் பிறகு அந்த இலக்கை எட்டவே முடியவில்லை. இலக்கு வைப்பது தவறில்லை. அதை மட்டும் வைத்தால் மூன்றே முக்கால் மணி நேரத்தில் உங்களை எழுப்பி வேறு அறைக்குத் தள்ளுவார்கள்.

நான் ஒர்க் பர்மிட்ல இருக்கேன். சூப்பர்வைசர் பக்கத்துலேயே நின்னுக்கிட்டிருந்தாரு. நான் என்னத்தைச் சொல்றது?

இந்தக் கேள்வியைத் தங்குவிடுதியில் ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். எந்த இடம் என்று சொல்ல விரும்பவில்லை. இரும்புக் கம்பி காலில் விழுந்திருந்தது. டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு மேற்பார்வையாளர்தான் பதில் சொல்லியிருக்கிறார், "சின்ன அடிதான்" என்று. கருத்தாய்வு அழைப்புகூட, பதிவு செய்தபோது கொடுத்த மேற்பார்வையாளரின் எண்ணுக்குத்தான் போனது.

நீங்கள் செய்யக்கூடியது: டாக்டரிடம் "தமிழ் பேசுகிற தாதி இருக்கிறாரா?" என்று கேளுங்கள், இங்கே மருத்துவமனைகளில் தமிழ் பேசுவோர் பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். மேற்பார்வையாளரை வெளியே இருக்கச் சொல்லுமாறு தாதியிடம் சொல்லலாம். பதிவில் உங்கள் எண்ணைக் கொடுங்கள். கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு நான் சொல்வது: "நீங்கள் தனியாக டாக்டரிடம் பேச முடிந்ததா?" என்ற ஒரு வரியைச் சேருங்கள்.

குறை எழுதினா அடுத்த தடவை சரியா பார்க்க மாட்டாங்களோ?

உங்கள் வகையை முடிவு செய்யும் தாதியின் முன்னால் உங்கள் ரத்த அழுத்தம் இருக்கும். உங்கள் பழைய கடிதம் இருக்காது. ஆனால் கருத்தாய்வும் புகாரும் வேறு. கருத்தாய்வில் நீங்கள் எழுதியது பொதுவாக மற்றவர்களுடையதோடு கூட்டிப் பார்க்கப்படும், பதில் வராது. பதில் வேண்டுமென்றால் தேதி, நேரம் குறிப்பிட்டு மருத்துவமனையின் கருத்துப் பிரிவுக்குத் தனியாக எழுதுங்கள்.

அவசரம் இல்லாம போனதுக்குத் திட்டுறாங்க. எது அவசரம்னு நமக்கெப்படித் தெரியும்?

இந்தப் பக்கத்தின் விஷயம் இல்லை என்றாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென்று வாய் கோணுவது, நிற்காத ரத்தம் என்றால் 995ஐக் கூப்பிடுங்கள். ஆள் நடக்க முடியாது, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 1777இல் தனியார் ஆம்புலன்ஸ். மற்றதற்கு முதலில் பக்கத்து மருந்தகம் (கிளினிக்). சாங்கி பொது மருத்துவமனை 2014இல் தொடங்கிய ஜிபிஃபர்ஸ்ட் (முதலில் குடும்ப டாக்டர்) திட்டத்தில் சேர்ந்த மருந்தக டாக்டர் பரிந்துரைத்து அனுப்பினால் அவசரப் பிரிவுக் கட்டணத்தில் 50 வெள்ளி கழிவும் உண்டு.

நோயாளி கேட்கிற ஸ்கேனு, மாத்திரை எல்லாம் கொடுத்தா மதிப்பெண் ஏறிடுமே. இது ஆபத்தில்லையா?

என்னிடம் வந்ததிலேயே நல்ல கேள்வி. கேட்டவர் ஓர் இளம் டாக்டர். 2012இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது: டாக்டர்மேல் மிக அதிகத் திருப்தி தெரிவித்தவர்களிடையே மருந்துச் செலவும் அதிகம், இறப்பும் அதிகம். ஒன்றால்தான் மற்றது வந்தது என்று அது நிரூபிக்கவில்லை; ஆனாலும் எல்லோரையும் யோசிக்க வைத்தது. பிறகு அங்கே, வலி குறைத்தார்களா என்ற கேள்விக்கான மதிப்பெண்ணை மருத்துவமனைக்குக் கொடுக்கும் பணத்தோடு இணைத்திருந்ததையும் நீக்கினார்கள். அபின் வகை மாத்திரைகளை அள்ளிக் கொடுக்கத் தூண்டுமோ என்ற பயம்.

ஆனால் இது திருப்தியை அளப்பதில் உள்ள ஆபத்து. "கேட்டது கிடைத்ததா" என்று கேட்காமல் "ஸ்கேன் ஏன் வேண்டாம் என்று விளக்கினார்களா" என்று கேட்டால், மறுத்த டாக்டருக்கும் நல்ல மதிப்பெண் வரும். அந்த இளைஞரிடம் இதைச் சொன்னபோது, "விளக்க அஞ்சு நிமிஷம் ஆகும், ஸ்கேன் எழுத அரை நிமிஷம்தான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்பா ஏ அண்ட் ஈயிலேயே போயிட்டாரு. அவரோட அனுபவத்தை யாரு சொல்றது?

யாரும் கேட்பதில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட பட்டியல்களில் இறந்தவர்களின் பெயரை முதலிலேயே நீக்கிவிடுவார்கள். துக்க வீட்டுக்குக் கேள்வித்தாள் போகக்கூடாது என்பதால். நினைவு தப்பியவர்கள், மறதி நோய் உள்ளவர்கள் பெயரும் பெரும்பாலும் அப்படியே போகும். ஆக, மிக மோசமான நிலையில் வந்தவர்களைப் பற்றித்தான் நமக்கு மிகக் குறைவாகத் தெரியும்.

ஒருமுறை பட்டியலில் தவறிப்போய் ஒரு பெயர் இருந்தது. கூப்பிட்டேன், மகள் எடுத்தார். மன்னிப்புக் கேட்டு வைக்கப் போனேன். "வைக்காதீங்க அண்ணே" என்றார். தாளில் இருந்த எந்தக் கேள்வியும் பொருந்தவில்லை. "கூட இருக்க விட்டார்களா?" என்று மட்டும் கேட்டேன். விட்டார்களாம். ஒரு மலாய்த் தாதி நாற்காலி கொண்டுவந்து போட்டு, அப்பாவின் கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து மகளின் கையில் வைத்துவிட்டுத் திரையை மூடிக்கொண்டு போனாராம். அதை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று தெரியாமல் தாளின் ஓரத்தில் எழுதினேன்.